பதில் குரல் வந்ததா?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறதா? தோட்டத்தில் இருப்பவர்களானால் ஆபீசுச் சுவரிலோ, மளிகைக் கடை முகப்பிலோ இருக்கும். பட்டணத்தில் தாமானில் இருப்பவர்களானால் சமூக மண்டபத்து வாசலில் இருக்கும். அடுக்குமாடிவாசிகளுக்கு மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும். அதன்முன் நின்று நீங்கள் கடைசியாகப் படித்தது எப்போது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் படிக்காமல் கடந்து போனவள்தான். அதனால் நேர்ந்ததை உங்களிடம் சொல்லி மனச்சுமையை இறக்கி வைக்கலாம் என்றுதான் இந்தப் பேனாவை எடுத்தேன்.

நான் இருப்பது பினாங்கு ஜோர்ஜ் டவுனில், பினாங்கு ஆற்றுக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு பழைய தாமானில். வரிசையாக ஒற்றை மாடி வீடுகள், நடுவே குறுகலான சந்து. சந்து முனையில் ஒரு பலகை. புதன்கிழமை குழாய்த் தண்ணீர் நிற்கும், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையைப் பறிக்கிறார்கள், பெண்கள் பையைச் சாலைப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பார்கள். கொசுப் புகை அடிக்க வருகிறார்கள், சமையல் பாத்திரங்களை மூடி வையுங்கள் என்பார்கள். டெங்கு நமக்குப் புதிய விருந்தாளி அல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினாங்கில் டெங்குக் காய்ச்சல் கண்டதை ஒரு டாக்டர் மருத்துவ ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார். இரத்தம் கசியும் கடுமையான டெங்குவும் இந்த நாட்டில் முதன்முதலாக 1962-இல் கண்டறியப்பட்டது இதே பினாங்கில்தான். அவ்வளவு பழைய பகைவனைப் பற்றிய அறிவிப்பையும் நாங்கள் ஒரு கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் தேசிய மொழியில் இருக்கும், சில சமயம் சீனத்திலும் இருக்கும். தமிழில் இருப்பது அபூர்வம். "நமக்கு எங்கே புரியப்போகிறது?" என்று பெரியவர்கள் நகர்ந்துவிடுவார்கள். "எல்லாம் கைத்தொலைபேசியில் வரும்" என்று இளையவர்கள் நகர்ந்துவிடுவார்கள். பலகை மட்டும் வெயிலிலும் மழையிலும் தனியாக நிற்கும்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்படியொரு பலகை கிடையாது. நிபோங் திபாலுக்கு உள்ளே, கிரியான் ஆற்றை ஒட்டிய ரப்பர்த் தோட்டம் அது. என் அப்பா அங்கே ஜாகா. இரவெல்லாம் ஸ்டோரையும் பால் கொட்டகையையும் காவல் காத்து, விடிவதற்கு முன்னால் தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பார். அந்தச் சத்தத்தில்தான் லயங்கள் விழிக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது தண்டல் எல்லாச் செய்தியையும் சொல்லிவிடுவார். நாளைக்கு டிரெஸ்ஸர் ஊசி போட வருகிறார், பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுங்கள். பத்தாம் நம்பர் நிரையில் பாம்பு இருக்கிறது, பார்த்துப் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஓர் இரவு ஆற்றில் தண்ணீர் ஏறியது. அப்பா தண்டவாளத்தை அடித்தார். மழை இரைச்சலில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. உடனே அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு லயம் லயமாக நடந்தார். அம்மா என்னையும் தம்பியையும் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது நான் அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு கதவையும் தட்டி, அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். "தண்ணி ஏறுது, எந்திரிங்க!" என்பார். பிறகு நின்றுவிடுவார். உள்ளேயிருந்து "எந்திரிச்சிட்டோம்ணே!" என்று குரல் வந்தால்தான் அடுத்த கதவுக்குப் போவார்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது யாரோ கேட்டார்கள்: "ஏண்ணே ஒவ்வொரு வீட்டுக்கும் நின்னுக்கிட்டு இருந்தீங்க? கத்திக்கிட்டே ஓடியிருக்கலாமே?"

அப்பா சொன்னது இவ்வளவுதான்: "நான் சொன்னது எனக்குத் தெரியும். அவன் கேட்டானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த வார்த்தையை நான் மறந்து போனேன். தோட்டம் கைமாறியது, ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்கள் காலியாயின. உங்களில் பலருக்கும் இந்தக் கதை தெரியும். நாங்கள் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு இங்கேயே கல்யாணமாகி, பிள்ளைகளும் பெரியவர்களாகிவிட்டார்கள்.

இனி 2017-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். பினாங்குக்காரர்களுக்கு அது மறக்க முடியாத ஆண்டு. செப்டம்பர் 15-இல் ஒரு வெள்ளம் வந்தது. அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில், கட்டுமானம் நடந்துகொண்டிருந்த இடத்தில் மலைச்சரிவு இடிந்து 11 பேர் மண்ணுக்குள் புதைந்து மாண்டார்கள். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், இரண்டே வாரத்தில் நவம்பர் 4 வந்தது.

சனிக்கிழமை. பகலிலேயே வானம் கறுத்திருந்தது. மாலையில் என் மகன் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "அம்மா, ராத்திரி பெரிய காத்தும் மழையும் வருமாம். தாழ்வான இடத்துல காரை வைக்காதீங்கன்னு கூட்டாளி செய்தி அனுப்பியிருக்கான்" என்றான். ஏழு மணிக்குக் காரை எடுத்துப்போய், மேட்டில் இருக்கும் கோயில் பக்கத்தில் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தான். நான் அரிசி மூட்டையைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பிறந்த பத்திரம், நகை நட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரி உச்சியில் வைத்தேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

எங்களுக்கு அடுத்தது மூலை வீடு. அதில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். அப்போது வயது 78. அவரும் தோட்டத்துக்காரர்தான், நாற்பது வருடம் பால் மரம் சீவியவர். மகன் சிங்கப்பூரில் வேலை. மலாய் பேசுவார், படிக்கத் தெரியாது. கைத்தொலைபேசியில் மகன் கூப்பிட்டால் பேசத் தெரியும், அவ்வளவுதான்.

அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் முந்தின வாரம்தான் அவர் வீட்டு முருங்கை இலை எங்கள் சாக்கடையை அடைத்துக்கொண்டது என்று நான் இரண்டு வார்த்தை கூடப் பேசியிருந்தேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. "செப்டம்பரில் கணுக்கால் அளவுக்கு வந்து வடிந்துவிட்டது, இதுவும் அப்படித்தான் போகும். படுத்துவிட்டவரை எதற்கு எழுப்ப வேண்டும்?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் முருங்கை இலைதான் வாசகர்களே. அதை உங்களிடம் மறைத்து என்ன பயன்?

அன்றிரவு சில இடங்களில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டியதற்கும் மேலான மழை கொட்டியது. பினாங்கின் அமைப்பு அப்படி. ஆயர் ஈத்தாம் பக்கத்திலும் கொடிமலையிலும் பெய்யும் மழை செங்குத்தாக இறங்கி, சிறு ஆறுகள் வழியாகப் பினாங்கு ஆற்றில் வந்து சேரும். அந்த ஆறு தாழ்வான பட்டணத்துக்குள் வளைந்துதான் கடலுக்குப் போக வேண்டும். கடலும் பெருக்காக இருந்துவிட்டால் ஆற்றுத் தண்ணீருக்குப் போக வழியில்லை, வீடுகளுக்குள் ஏறிவிடும். மலையை வெட்டுவதும், மண் வந்து ஆற்றைத் தூர்ப்பதும், தண்ணீர் ஊறுகிற தரையையெல்லாம் சிமெண்டுபோட்டு மூடுவதும் அதை இன்னும் மோசமாக்குகின்றன.

நள்ளிரவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பத்து நிமிடத்தில் முழங்கால், அரை மணியில் இடுப்பு. மின்சாரம் போய்விட்டது. நானும் மகனும் முன்வாசல் வழியாக வெளியே வந்து, எதிர்ச் சாரியிலுள்ள மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த இருட்டிலும் காற்றிலும் மூலை வீட்டை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டியை நினைத்தவர் பின்சந்தில் இருக்கும் மலாய்க்கார பாக்சிக். ஏதோ தட்டும் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. போய்ப் பார்த்தால், பாட்டி குசினிக் கல்மேடைமேல் ஏறி நின்றுகொண்டு, எவர்சில்வர் சட்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. சாவி தண்ணீருக்குள் எங்கோ போய்விட்டது. பாக்சிக்கும் இரண்டு சீனப் பையன்களும் சேர்ந்து கிரில்லை நெம்பி உடைத்து அவரைத் தோளில் தூக்கி வந்தபோது மணி நாலு. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் அந்த உயிர் இருட்டில் நின்றிருக்கிறது.

அன்றிரவு நிலைமை கைமீறிப் போய், மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்டது. பினாங்கில் ஏழு பேர் அந்த வெள்ளத்தில் இறந்தார்கள். எங்கள் பாட்டி எட்டாவது ஆளாகவில்லை. அதற்கு என்னால் ஒரு காரணமும் இல்லை.

மூன்று நாள் கழித்து, சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு குவளை காப்பியோடு அவரிடம் போனேன். வாங்கிக் குடித்தார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்:

"ஏழு மணிக்கே தம்பி காரைக் கொண்டுபோயி மேட்டுல வச்சதை ஜன்னல்ல பார்த்தேன் புள்ள. காருக்கு எடம் பார்த்த கையோட, எனக்கும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

வாசகர்களே, பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் கதவு தட்டிவிட்டு நின்ற அப்பாவின் நினைவு வந்தது. ஜாகாவின் மகள் நான்!

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறைய யோசித்தேன். செய்தி இல்லாமல் மனிதர்கள் சாவது உண்டு. ஆனால் செய்தி ஓரிடத்தில் இருந்தும், அது போய்ச் சேராமல் சாவதும் உண்டு.

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரம் காலை 9 மணிக்குச் சற்று முன்னால் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. பினாங்கின் உயர்ந்த கட்டடங்களில் இருந்தவர்களே அதை உணர்ந்தார்கள். அடுத்து ஆச்சே அழிந்தது. பிறகு தாய்லாந்தின் புக்கெட்டை அலை அடித்தது. பினாங்குக் கரைக்கு அலை வந்தபோது பகல் ஒரு மணி வாக்கில் ஆகிவிட்டது. ஏறத்தாழ நாலு மணி நேரம்! அவ்வளவு நேரமும் பத்து ஃபெரிங்கியிலும், பாலிக் புலாவ் பக்கம் பாசிர் பாஞ்சாங்கிலும் குடும்பம் குடும்பமாகப் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். கடலைவிட்டு வெளியே வா என்று சொல்ல ஆளில்லை. இந்த நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் இறந்தவர்கள். பிறகுதான் நாட்டில் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடும், கடலோரங்களில் அபாயச் சங்குகளும் வந்தன.

அதே நாளில், நம் முன்னோர் கப்பலேறிய அந்தக் கடற்கரையில், நாகப்பட்டினம் மாவட்டம் ஒன்றிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆனால் புதுச்சேரிக்கு அருகில் நல்லவாடு என்று ஒரு மீனவக் கிராமம் இருக்கிறது. அங்கே நடந்ததை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்தவுடன் வீட்டுக்குத் தொலைபேசி செய்து, ஊரைக் காலி செய்யச் சொன்னார். அவர் தம் வீட்டாரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். வீட்டாரும் தங்கள் சாமான்களை மட்டும் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடல் அலை எப்படி இருக்கும், மீன் பிடிக்கப் போகலாமா என்று தினமும் அதன் ஒலிபெருக்கியில் சொல்லி வந்தார்கள். அந்த ஒலிபெருக்கியில் ஊர் முழுவதற்கும் சொல்லிவிட்டார்கள். ஏறக்குறைய 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஆனால் அங்கே வாழ்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஒலிபெருக்கி ஆபத்துக்காக வைத்ததல்ல, அன்றாட மீன் செய்திக்கு வைத்தது. தினமும் கேட்டுப் பழகிய குரல் என்பதால்தான், "ஓடுங்கள்" என்றவுடன் சனங்கள் ஓடினார்கள். தண்ணீர் நிற்கும், கொசுப் புகை வரும் என்பதெல்லாம் சின்னச் செய்திகள் என்று நாம் அலட்சியம் செய்கிறோமே, அந்தச் சின்னச் செய்தியைப் பரிமாறிப் பழகிய அண்டை வீடுகளுக்குத்தான் பெரிய ஆபத்தில் ஒருவர் சொல் இன்னொருவர் காதில் ஏறும்.

எங்கள் சந்தில் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. 1975-இல் ருக்குன் தெத்தாங்கா வந்தபோது ஆண்கள் முறை வைத்து இரவில் ரோந்து போன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதை நினைத்துக்கொண்டு பாக்சிக் வீட்டு வாசலில் ஒரு நாள் மாலை எல்லோரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று கதவு என்று பங்கு போட்டோம். மழை எச்சரிக்கையோ வேறு ஆபத்தோ வந்தால், அந்த மூன்று கதவையும் தட்ட வேண்டியது அந்த வீட்டின் பொறுப்பு. கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பியதோடு விட்டுவிடக் கூடாது. உள்ளேயிருந்து பதில் குரல் வர வேண்டும். கடைசி நிபந்தனையை நான்தான் சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

பலகையில் வரும் அறிவிப்பை எங்கள் எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பெண் தமிழில் நாலு வரி எழுதிப் பக்கத்தில் ஒட்டுகிறாள். பாட்டி போன்றவர்களுக்கு அதை வாய்விட்டும் படித்துச் சொல்கிறாள்.

உங்கள் லயத்திலோ அடுக்குமாடியிலோ நீங்களும் செய்யலாம். கூடவே இவற்றையும் நினைவில் வையுங்கள். கிரில் சாவியை எப்போதும் ஒரே இடத்தில், உயரத்தில் மாட்டி வையுங்கள். அது எங்கே என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும். அடையாளக் கார்டு, பிறந்த பத்திரம், அன்றாடம் சாப்பிடும் மருந்து மாத்திரைகள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். தண்ணீர் வீட்டுக்குள் வருமுன்னே மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் தோம்பையும் மூடிவிடுங்கள். தரையில் தண்ணீர் நிற்கும்போது ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். ஓடும் வெள்ளத்தில் நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ கடக்கப் பார்க்காதீர்கள். சரிவுக்குக் கீழே வீடு இருந்தால், மண்ணில் புதிதாக விரிசல் கண்டாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்று கலங்கலாக வந்தாலோ இருந்து பார்க்காமல் வெளியேறுங்கள். வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். வாரம் ஒருமுறை வாளி, பூச்சட்டி, பழைய டயர் எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள். அவசரத்துக்கு 999. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும் வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றை ஒளிக்கக் கூடாது. அண்டை வீட்டாரோடு சண்டை போடாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முருங்கை இலை விழத்தான் செய்யும், வாய்ச் சண்டை வரத்தான் செய்யும். ஆனால் சண்டையில் பேச்சை நிறுத்தினாலும், ஆபத்தில் கதவைத் தட்டுவதை நிறுத்தாதீர்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குப் பேய்மழை. குடையை எடுத்துக்கொண்டு என் பங்குக்குரிய மூன்று கதவுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் சீன அக்காள் விளக்கைப் போட்டுக் கை காட்டினார். இரண்டாவது வீட்டில் பையன் ஜன்னலைத் திறந்து "சரி ஆண்ட்டி" என்றான். மூன்றாவது மூலை வீடு. கிரில்லைத் தட்டி, "பாட்டி! மழை பலமா இருக்கு, எந்திரிச்சு உக்காருங்க!" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. இன்னொரு முறை தட்டினேன். மழையில் நனைந்துகொண்டு நின்றேன்.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் புள்ள. நீ எப்ப வருவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். சாவி கையிலதான் இருக்கு, நனையாதே, போ."

அன்றைக்கு வெள்ளம் வரவில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.